உறுதி மகளின் அலுமாரியில்

பஸ்மியா ஒரு கடையைப் பார்க்கப் போனால் முதலில் கூரையைத்தான் பார்ப்பாள். சொந்தக்காரர் வாசலின் அகலத்தையும் முன்னால் வந்து நிற்கும் பஸ்களையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவள் அண்ணாந்து நின்று மழை ஒழுகிய கறைகளை எண்ணிக்கொண்டிருப்பாள். பிறகு கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, ஒரு நுனியைச் சொந்தக்காரர் கையிலேயே கொடுத்து, "பிடியுங்க" என்பாள். தன் கடையைத் தானே பிடித்து அளந்த மனுசன் பிறகு அதன் நீளத்தைக் கூட்டிச் சொல்ல மாட்டான்.

திருகோணமலையில் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் கடைகளைக் குத்தகைக்குப் பேசிக் கொடுக்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். அவளைத் தவிர எல்லோரும் ஆண்கள். அநேகமானவர்கள் கொடுக்கிறவரிடமும் எடுக்கிறவரிடமும் தரகு வாங்குவார்கள். ஊரில் அதை யாரும் பிழையாக எடுப்பதில்லை. பஸ்மியா ஒரு பக்கம்தான் வாங்குவாள். அது எந்தப் பக்கம் என்பதை மற்றப் பக்கத்தாரிடம் முதல் வார்த்தையாகவே சொல்லிவிடுவாள்.

இதை அவளுடைய நல்ல மனசு என்று சிலர் சொல்வதுண்டு. அது அவ்வளவு சரியில்லை. பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் பதினேழு வருடம் காணி உறுதிப் பத்திரங்களைத் தட்டச்சு செய்தவள் அவள். சிரித்துக்கொண்டு வந்து கையெழுத்து வைத்த இரண்டு பேர், மூன்று வருடம் கழித்து அதே உறுதியைத் தூக்கிக்கொண்டு, ஒரே தரகரை இரண்டு பக்கமாகத் திட்டிக்கொண்டு படியேறுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். நல்ல மனசை விட அந்த அலுப்புத்தான் அவளுக்கு ஒழுங்கைப் பழக்கியது. 2019இல் நொத்தாரிசு மௌத்தாகிக் கந்தோரை மூடியபோது, கந்தளாய்க்கும் ஊருக்குமாக அரிசி லொறி ஓட்டும் கணவனின் உழைப்பு மட்டும் போதவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஆறு மாதத்தில் அவளுக்குக் "கடை ராத்தா", கடை அக்கா, என்று பெயர் விழுந்துவிட்டது.

அவளிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. பேச்சு முடிந்ததும் கொப்பியை எடுத்து, அன்று யார் எதற்கு ஒத்துக்கொண்டார்கள் என்பதை எழுதி, இரண்டு பக்கத்தாருக்கும் கேட்கும்படி வாசிப்பாள். வாசித்து முடியும்வரை தேத்தண்ணி வர விடமாட்டாள். தேத்தண்ணி குடித்த பிறகு எங்கள் ஆட்களுக்கு மறுத்துச் சொல்ல வாய் வராது. குடித்துவிட்டுப் போய் வீட்டிலிருந்து மறுப்பார்கள்.

கதிரவேலின் விஷயம் இப்படித்தான் தொடங்கியது.

கதிரவேல் சல்லிக் கிராமத்துக்காரன். ஐம்பதை நெருங்கியவன். மீன்பிடிப் படகுகளின் இஞ்சின் திருத்துவதில் கரையோரத்தில் அவனுக்கு நல்ல பெயர். வேலை செய்த இடம் மட்டும் ஒரு தகரக் கொட்டில். மாதத்துக்கு மாதம் இருக்கலாம், போ என்றால் போகவேண்டும். நிலத்தைத் தோண்டித் தண்ணீர்த் தொட்டி கட்டி, இஞ்சின் தூக்கும் சங்கிலிக் கப்பிக்கு இரும்புச் சட்டம் நட்டு, நிரந்தரமாக ஒரு இடத்தில் இருக்கவேண்டும் என்பது அவனுடைய பல வருடத்து எண்ணம். அபூதாஹிர் ஹாஜியாரின் பூட்டிக் கிடந்த கடை அதற்கு அளவெடுத்துக் கட்டியது போல இருந்தது. முன்பக்கம் பெரிய தெரு. பின்கதவைத் திறந்தால் கரைக்குப் போகும் சின்ன ஒழுங்கை.

ஹாஜியார் பஸ்மியாவின் அயல்வீட்டுக்காரர். அவள் சின்னப் பிள்ளையாக நோன்பு திறந்த வீடு அது. கடையைக் கொடுத்துத் தரும்படி அவர் கேட்டபோது அவள் உடனே ஓம் என்றாள். கடைக்குள் மூன்று பேரும் நின்ற முதல் நாள், வழக்கம்போலத் தொடங்கினாள்.

"அண்ணன், நான் ஹாஜியாருக்காகத்தான் வந்திருக்கன். உங்களுக்காக இல்ல. நான் சொல்ற எதையும் அதை மனசில வெச்சுக்கிட்டுக் கேளுங்க."

கதிரவேல் சிரித்தான். "நல்லது தங்கச்சி. இஞ்சினும் உங்களைப்போல முதலே சொல்லிப்போட்டுப் பழுதாகினால் எனக்கு எவ்வளவு சுகம்."

"ஏன் புள்ள, வந்த ஆளை வெருட்டுற?" என்றார் ஹாஜியார்.

"வெருண்டு ஓடுற ஆள் எண்டா இப்பவே ஓடட்டும் மாமா."

வாடகையில் பெரிய இழுபறி இல்லை. காலத்தில்தான் கதிரவேல் நின்றான். "தொட்டி கட்டி, சட்டம் நட்டு, நாலு வருசத்தில எழும்பு எண்டால் நான் என்ன செய்யிறது? பத்து வருசம் வேணும் ஹாஜியார்."

"பத்தென்ன, நீங்க இருக்கும்மட்டும் இருங்களன்."

"இருக்கும்மட்டும் எண்டு எழுத ஏலாது மாமா. வருஷத்தைச் சொல்லுங்க."

"சரி, பத்து."

பஸ்மியா எழுதினாள். வாசித்தாள். கடை முழுவதும், பத்து வருடம், தொட்டியும் சட்டமும் கதிரவேலின் செலவு, போகும்போது சட்டத்தைக் கழற்றிக்கொண்டு போகலாம். இரண்டு பேரும் ஓம் என்றார்கள். பக்கத்துக் கடையிலிருந்து தேத்தண்ணி வந்தது.

அவள் வாசித்ததைக் கதிரவேல் உறுதி என்றே எடுத்துக்கொண்டான். கரையில் எல்லோரும் அப்படித்தான் எடுத்தார்கள். கடை ராத்தா வாசித்தால் பிறகு மாறாது என்பது பேச்சு. அடுத்த நாளே கொட்டில்காரரிடம் மாத முடிவில் விடுவதாகச் சொல்லிவிட்டான். கொட்டிலுக்கு வேறொருவர் வந்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். இரும்புச் சட்டத்துக்கு வெல்டிங்கும் தொடங்கியாயிற்று.

குத்தகை உறுதியை எழுதவேண்டியவள் நிரோஜினி. நகரில் புதிதாகக் கந்தோர் போட்ட நொத்தாரிசு. பஸ்மியா கொப்பியை அவள் மேசையில் வைத்தாள்.

"எல்லாம் வடிவாய் இருக்கு அக்கா. ஹாஜியாற்ற உறுதி எங்க?"

பஸ்மியா கொப்பியைத் திருப்பிப் பார்த்தாள். கடையைப் பார்க்க முன்னமே உறுதியைப் பார்ப்பவள் அவள். முதல் நாளே உறுதியைக் கேட்டு எத்தனையோ முதலாளிமாரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறாள். ஹாஜியாரிடம் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

"நாளைக்குக் கொண்டுவாறன்" என்றாள்.

பின்னேரம் ஹாஜியார் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். அவர் கதிரையில் இருந்தபடியே, தலையைத் திருப்பாமல் சொன்னார்: "அது மகள்ட அலுமாரியில கிடக்கும். அவள்கிட்ட கேட்டு எடு."

அந்த ஒரு வசனத்தில் பஸ்மியாவுக்கு எல்லாம் விளங்கிற்று. 2016இல் றிஷானாவின் கலியாணத்தின்போது, இருக்கிற வீட்டையும் இந்தக் கடையையும் ஹாஜியார் மூத்த மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தார். இந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் நடப்பதுதான் அது. எழுதிக் கொடுத்த பிறகும் வாப்பா அதே கதிரையில் இருப்பார். ஊர் அதை ஹாஜியாரின் வீடு, ஹாஜியாரின் கடை என்றே சொல்லும். எழுதி வாங்கிய மகளும் அப்படித்தான் சொல்வாள். அந்த உறுதியைத் தட்டச்சு செய்தவள் பஸ்மியா. எல்லை விவரத்தில் வடக்கு கிழக்கு மாறிப்போய் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி அடித்தது கூட ஞாபகம் வந்தது. தன் விரலால் அடித்ததைத் தானே மறந்து, ஊரோடு சேர்ந்து ஹாஜியார் கடை என்று எட்டு வருடம் சொல்லியிருக்கிறாள். கொடுக்க உரிமை இல்லாதவரிடம் பத்து வருடம் வாங்கி, கொப்பியில் எழுதி, உரத்து வாசித்தும் இருக்கிறாள்.

"மாமா, கடை றிஷானாட பேரில."

"ஓம். அதுக்கென்ன?"

"அவங்கதானே கையெழுத்து வைக்கணும்."

"வைப்பாள். இந்த இடத்தில வை எண்டு காட்டினா வைப்பாள். என்ட புள்ள தானே?"

பஸ்மியாவுக்கு அதோடு வேலை முடிந்திருக்கலாம். சட்டப்படி ஒரு கையெழுத்துப் போதும். கதிரவேலுக்கு இடம், ஹாஜியாருக்கு நிம்மதி, அவளுக்கு அவளுடைய பெயர். ஆனால் ஒருவரிடம் கேட்காமல் வாங்கும் சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்லலாமா என்ற கேள்வி குறுக்கே வந்து நின்றது. குசினிக்குப் போனாள்.

றிஷானா மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வயது. கணவன் றிஸ்வி கட்டாரில் ஏசி திருத்தும் வேலை. விஷயத்தைக் கேட்டதும் அவள் கையை எடுக்காமலே சொன்னாள்: "வாப்பா சொன்னா வைக்கிறன் ராத்தா. எங்க வைக்கணும்?"

"வைக்கிறது பிறகு. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் என்னத்தை நினைக்கிற?"

"பத்து வருஷத்துக்கு கடை உங்கட கையில இருக்காது. அதை நினைங்க."

றிஷானாவின் கை நின்றது. "பத்தா? வாப்பா ஒண்டும் சொல்லல்லயே." கையிலிருந்த மாவை வழித்துப் போட்டாள். "இவருக்கு நாலு வருஷத்தில கொன்றாக்ட் முடியுது. வந்து அந்தக் கடையிலதான் ஏசி வேலை தொடங்கிற எண்டு இருக்கம். ஒவ்வொரு கிழமையும் போனில அதைத்தான் கதைக்கிற. போர்டுக்கு என்ன நிறம் எண்டு கூடச் சண்டை பிடிச்சிருக்கம்."

"வாப்பாக்குத் தெரியுமா?"

"கேட்டாத்தானே சொல்ற."

பஸ்மியா திரும்பி முன்னறைக்கு வந்தாள். ஹாஜியாரிடம் மறைக்காமல் சொன்னாள். அவருக்குக் கோபம் வந்தது. மகளில் அல்ல, பஸ்மியாவில்.

"நீ யாருக்குப் புள்ள வேலை செய்யிற? எனக்கா, அவங்களுக்கா?"

"உங்களுக்கு. அதாலதான் முதல்ல உங்களுக்கிட்ட சொல்றன்."

"இப்ப சைன் வைப்பம். றிஸ்வி வரக்குள்ள பார்த்துக்கலாம். நாலு வருஷத்தில என்னென்ன நடக்குதோ."

"கதிரவேல் அண்ணன் நிலத்தைத் தோண்டப்போறார் மாமா. நாலு வருஷத்தில வழக்கு வரும் எண்டு தெரிஞ்சுகொண்டு என்னால தோண்ட விட ஏலாது. அவருக்குச் சொல்ல எனக்கு உத்தரவு தாங்க."

"என்ட வீட்டுக் கதையை அந்நிய ஆளுக்குச் சொல்ல நான் உத்தரவு தாறதா? நல்ல கதை. உனக்கு ஏலாதெண்டா விட்டுட்டுப் போ. வேற ஆள் இல்லாமலா?"

"அப்ப விடுறன் மாமா" என்றாள். ஹாஜியார் அதை எதிர்பார்க்கவில்லை. அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

இனி என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்பதில் அவளுக்கு அன்றிரவு சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை. ஹாஜியாரின் வீட்டில் கேட்டது அவருடையது. வேலையை விட்டாலும் அதை வெளியே கொண்டுபோக உரிமை இல்லை. வாசித்தது அவளுடையது. அதைத் திருப்பி எடுக்க யாருடைய உத்தரவும் தேவையில்லை.

காலையில் கொட்டிலுக்குப் போனாள். கதிரவேலின் மனைவி யோகம்மாவும் அங்கே இருந்தாள். கணவன் திருத்தும் இஞ்சின்களுக்குச் சாமான் வாங்குவதும் வருகிறவர்களோடு விலை பேசுவதும் அவள்தான்.

"அண்ணன், பத்து வருஷம் எண்டு நான் வாசிச்சது பிழை" என்றாள் பஸ்மியா. "அதை வாசிக்க முன்னம் பார்க்கவேண்டியதை நான் பார்க்கல்ல. இப்ப நான் ஹாஜியாருக்கு வேலை செய்யல்ல. காணிக் கந்தோருக்குப் போய் அந்தக் கடைட பதிவை எடுத்துப் பாருங்க. யாரும் பார்க்கலாம். பார்க்காம ஒண்டிலயும் கையெழுத்து வைக்காதீங்க."

"ஏன், என்ன கிடக்கு அதில?"

"அதை நான் சொல்லக்கூடாது."

கதிரவேல் கையிலிருந்த திருகுச் சாவியைக் கீழே வைத்தான். யோகம்மா எழும்பி வந்தாள். "நீங்கள் வாசிச்சதை நம்பித்தானே இவர் கொட்டிலை விட்டவர்? இன்னும் பன்னிரண்டு நாள் கிடக்கு. பன்னிரண்டு நாளுக்குப் பிறகு இந்த இஞ்சினுகளை எங்க வைக்கிறது, உங்கட வீட்டுக் குசினியிலயோ?"

"நீங்க சொல்றது சரி அக்கா."

"சரி எண்டு சொன்னால் சரியாகிப்போகுமோ?"

"ஆகாது."

யோகம்மாவுக்கு இன்னும் நிறையச் சொல்ல இருந்தது; சொன்னாள். பஸ்மியா நின்று கேட்டாள். அதைத் தவிர அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அன்றைக்கே யோகம்மா காணிக் கந்தோருக்குப் போனாள். பதிவில் பெயரைப் பார்த்ததும் அவளுக்கு யாரிடமும் விளக்கம் கேட்கத் தேவைப்படவில்லை. அவளுடைய சொந்த வீடும் தாய் எழுதிக் கொடுத்த சீதனம்தான். அடுத்த நாள் நேராக ஹாஜியார் வீட்டுக்குப் போய், முன்னறையில் இருந்தவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, "மகள் நிக்கிறாவோ?" என்று கேட்டாள். ஹாஜியார் பதில் சொல்வதற்குள் றிஷானா வெளியே வந்துவிட்டாள்.

இரண்டு பெண்களும் நிரோஜினியின் கந்தோரில் சந்தித்தார்கள். பஸ்மியா வரவேண்டும் என்று யோகம்மா பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள். "ஒருக்காப் பிழையாய் வாசிச்சவ, இந்த முறை சரியாய் வாசிக்கட்டும்." ஹாஜியாரும் வந்து வாசலுக்குப் பக்கத்தில் இருந்தார்; அவரை அழைத்தது றிஷானா.

"பத்து வருஷம் தர ஏலாது அக்கா" என்று தொடங்கினாள் றிஷானா. முதல் தடவையாகப் பேரம் பேசுகிறவளுடைய அவசரம் குரலில் இருந்தது. "நாலு."

"நாலு வருசத்துக்கு ஆர் பிள்ளை தொட்டி கட்டுவினம்? கட்டிக் காய முன்னம் முடிஞ்சிரும்."

"அவர் வந்தா எங்களுக்குக் கடை வேணும்."

"அவருக்கு எவ்வளவு வேணும்? ஏசி எவ்வளவு பெரிசு? ஒரு கதிரையும் மேசையும் போட்டு, ரெண்டு பெட்டியைச் சுவரில மாட்டினால் காணாதோ?"

"ரோட்டுப் பக்கம் வேணும். போர்ட் போடணும்."

யோகம்மா கூட வந்திருந்த கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு ரோட்டுப் பக்கத்தில என்ன வேலை? இஞ்சின் கரையாலதானே வருது?"

"முன்னுக்குச் சாமான் கடை போடுவம் எண்டு…"

"நாலு வருசம் போடுங்கோ. பிறகு விடுங்கோ. பின்பக்கம் பத்து வருசம் எங்களுக்கு. என்ன பிள்ளை?"

றிஷானா யோசித்தாள். வாப்பாவைப் பார்த்தாள். ஹாஜியார் பார்வையை ஜன்னலுக்கு மாற்றிக்கொண்டார். கோபத்தில் செய்தாரா, மகளுக்கு இடம் விட்டுச் செய்தாரா என்று சொல்வது கஷ்டம், இரண்டும் கலந்திருக்கலாம்.

"சத்தம் வருமே? எங்கட ஆக்கள் முன்னுக்கு வந்து இருக்கக்குள்ள."

"வரும். பொய் சொல்லமாட்டன். மத்தியானம் லுஹர் தொழுகை நேரத்தில இஞ்சின் ஸ்டார்ட் பண்ணமாட்டார். அதை எழுதுங்கோ."

"எழுதினா, பின்பக்கம் பத்து."

கதிரவேல் சரி என்று தலையாட்டினான். அப்போதுதான் மூலையிலிருந்து பஸ்மியா வாய் திறந்தாள். "நாலு வருஷத்தில நடுவில சுவர் வரும். அதை யார் கட்டுற?"

யோகம்மா திரும்பினாள். "நீங்கள் இப்ப ஆருக்காகக் கதைக்கிறீங்கள்?"

"ஒருத்தருக்காகவும் இல்ல. சுவருக்காக."

நிரோஜினி சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டாள். சுவரைப் பற்றி அரை மணித்தியாலம் பேச்சு நடந்தது. கடைசியில் றிஷானா கட்டுவது, கதவு வைக்காமல் கட்டுவது என்று முடிந்தது. பஸ்மியா வாசித்தாள். இம்முறை ஒவ்வொரு வரிக்கும் றிஷானாவைப் பார்த்து நின்று, அவள் ஓம் என்ற பிறகே அடுத்ததற்குப் போனாள்.

கொட்டில் கையை விட்டுப் போவதற்கு மூன்று நாள் இருக்கும்போது உறுதி முடிந்தது. கொடுப்பவர் என்ற இடத்தில் றிஷானா கையெழுத்து வைத்தாள். எடுப்பவர் கதிரவேல். இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று நிரோஜினியின் எழுதுவினைஞர். மற்றதற்கு ஹாஜியார் தானாகவே எழும்பி வந்து, "எனக்கு எந்த இடம்?" என்றார். நிரோஜினி விரலால் காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு, உறுதியை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை முழுவதும் படித்தார். பிறகு வைத்தார்.

பஸ்மியாவுக்கு இதில் தரகு இல்லை. இரண்டு பக்கமும் கொடுக்க நினைத்தார்கள். இரண்டையும் அவள் எடுக்கவில்லை. அதற்காக அவளைப் புகழ்வதற்கு ஒன்றுமில்லை. முதல் நாள் ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒரு மனுசனுக்குப் பல நாள் நித்திரை கெட்டிருக்காது. அதை அவளே நன்றாக அறிவாள். பிழை தெரிந்த பிறகு அதை அடுத்தவர் தலையில் இறக்காமல் தானே சுமந்துகொண்டு போய்க் கொட்டில் வாசலில் நின்றாள் என்பதை மட்டும் சொல்லலாம். அதைச் செய்கிறவர்களும் இந்தத் தெருக்களில் அதிகம் இல்லை.

கந்தோர்ப் படியில் இறங்கும்போது ஹாஜியார் அவளுக்குப் பின்னால் வந்தார். பத்து நாளுக்குப் பிறகு அவர் அவளோடு பேசிய முதல் பேச்சு அது.

"சந்தைப் பக்கத்தில ஒரு சின்னக் கடை இருக்கு. அதையும் கொடுக்கணும்."

"அது யார்ட பேரில மாமா?"

ஹாஜியார் ஒரு படி இறங்கிவிட்டுச் சொன்னார்: "ஸல்ஹாக்கு எழுதினது." ஸல்ஹா அவருடைய இளைய மகள், போன வருடம்தான் கலியாணம் முடித்தவள்.

"அப்ப நான் ஸல்ஹாக்கிட்ட கதைக்கணும்."

"அவள் சின்னப் புள்ள. அவளுக்கு என்ன தெரியும்?"

"என்ன தெரியும் எண்டு அவகிட்டயே கேட்டுட்டு வாறன்."

ஹாஜியார் குடையை விரித்தார். வெயிலுக்குள் நாலடி நடந்துவிட்டுத் திரும்பாமலே சொன்னார்:

"பின்னேரம் வா. வீட்டிலதான் இருப்பாள்."